தாம்பாளத்தில் வெடித்த எரிமலை

இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்து ஒரகடம் வரைக்கும் கார், டயர், கண்ணாடி, செல்போன் என்று செய்யாத சாமான் கிடையாது. அதையெல்லாம் செய்கிற அத்தனை பேரிலும், பூமியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கவலைப்பட்டே சோற்றை ஆறவிட்ட ஒரே மனிதன் எங்கள் எரிமலைதான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஐ.டி. கார்டில்கூட அச்சாகியிருந்தது. செக்யூரிட்டியைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை.

நான் அப்போது ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். எரிமலை அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பிரஸ் ஷாப்பில் துரைப்பாண்டி, திருநெல்வேலிக்காரன். மூன்று பேரும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூமில் பாய் போட்டுப் படுத்தோம். ஒரு வீக்லி ஆஃப் அன்று எரிமலை செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று எழுந்து உட்கார்ந்தான்.

"டேய்! சுமத்ராவுல ஒரு ஏரி கீதுடா. தோபா ஏரி. அது ஏரியே இல்லடா, எரிமலை! வெடிச்சு, உள்ள கீற கொழம்பெல்லாம் காலியாகி, மேல கீற மலையே டொம்முனு உள்ள வுழுந்துச்சு. அந்தப் பள்ளத்துலதான் மழைத்தண்ணி ரொம்பி ஏரியா கீது!"

"சரில, படு" என்றான் துரைப்பாண்டி.

அவன் படுக்கவில்லை. அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பல் தேய்க்கும்போது தோபா, பஸ்ஸில் தோபா, ஷிஃப்ட் மாறும் சந்தில் எதிரே வருகிறவனை நிறுத்தித் தோபா. அந்த ஏரி என்னவோ அவனுடைய சொந்த மாமா வீட்டுக் கொல்லையில் இருப்பது போலத்தான் பேசுவான்.

அதிலும் எங்கள் சூப்பர்வைசர் பட்ட பாட்டை நான் மறக்கவே மாட்டேன். கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தது அந்தப் பாவப்பட்ட மனிதர் செய்த ஒரே குற்றம்.

"சார், இது நம்ம இந்தியத் தட்டு" என்று தன் சாப்பாட்டுத் தட்டைத் தொட்டுக் காட்டினான் எரிமலை. "நீங்க சுமத்ரா. நாம இப்போ நிக்கிற இதே தட்டோட ஓரந்தான் சார், கடலுக்கடியில போய் சுமத்ராவுக்குக் கீழ பூந்துகினு கீது. இப்டி."

புகுத்திக் காட்டினான். சூப்பர்வைசரின் தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. சாம்பார் முழுவதும் அவருடைய பேன்ட்டில்.

"போவச்சொல்ல கடல்தண்ணியையும் உள்ள இழுத்துகினு போவுது சார். அந்தத் தண்ணி பட்டுத்தான் மேல கீற பாறை உருகுது."

"தண்ணி பட்டா அணையத்தானல செய்யும்?" என்று துரைப்பாண்டி வாயைக் கொடுத்தான்.

"அதான்டா அதிசயமே! அந்தச் சூட்டுல தண்ணி சேந்தா பாறை சீக்கிரம் உருகிடும்!" என்று மேஜையில் ஒரு குத்து விட்டான். மிச்சமிருந்த ரசமும் சூப்பர்வைசருக்கே போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் யாருக்கும் ஓவர்டைம் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் தேட வேண்டிய தலையெழுத்து அவனுடைய அக்காவுக்கு. வடக்குப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மா அப்பா போன பிறகு தம்பியை ஆளாக்கியது அவர்தான். அக்கா பார்த்த வரன்களை எல்லாம் தோபா ஏரி விழுங்கிக்கொண்டே வந்தது. ஒரு வீட்டில் பெண்ணின் தாய்மாமன், புதிதாக எழுப்பிய மாடியைப் பெருமையாகக் காட்டியிருக்கிறார். இவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எவ்ளோ பெரிசா இருந்தா இன்னாங்க, கீழ காலியானா மொத்தமும் உள்ள வுழுந்துடும்" என்றானாம். மாடியிலிருந்து இறங்குவதற்குள் சம்பந்தம் முறிந்துவிட்டது.

கடைசியாகத் தண்டலத்தில் ஓர் இடம் வந்தது. பெண் பெயர் ஸ்டெல்லா. செல்போன் கம்பெனியில் லைனில் வேலை. அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். போட்டோவைப் பார்த்த அன்று எரிமலை ராத்திரிச் சாப்பாட்டில் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சலா என்று நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம்.

"மச்சான், எனக்கு இந்தப் பொண்ணைப் புடிச்சிருக்குடா" என்றான். குரலே மாறியிருந்தது. "நான் வாயத் தொறந்தா கெட்டுரும். நீங்க கூட வாங்கடா."

அக்காவும் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினார். "ஐயா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அவன் வாய்ல எத்தையாவது அடைச்சுகினே இருங்க. இந்த எடமும் போச்சுன்னா என் தம்பி தனிமரமாவே நின்னுருவான்."

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த நேரமாகப் பார்த்துப் போனோம். நாங்கள் போட்ட திட்டம் எளிமையானது. எரிமலை வாயைத் திறந்தால் துரைப்பாண்டி ஒரு பஜ்ஜியைத் திணிக்க வேண்டும். நான் பேச்சை மாற்ற வேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அடக்கமானவர் என்று பெண்ணின் அம்மா சமையலறையில் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அக்கா முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் எரிமலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். அங்கே ஒரு காலண்டர். அதில் வட்டமாக மலை, நடுவில் நீலமாகத் தண்ணீர்.

துரைப்பாண்டி பதறிப்போய் இரண்டு பஜ்ஜியைச் சேர்த்துத் திணித்தான். நான் பஸ்ஸுக்கு மைலேஜ் எவ்வளவு என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டேன். அவரோ மாப்பிள்ளையின் பார்வையைக் கவனித்துவிட்டு, "அது ஒண்ணுமில்ல மாப்ள, சும்மா ஏதோ ஒரு ஏரிப் படம்" என்றார்.

சும்மா ஏதோ ஒரு ஏரியா! எரிமலை பஜ்ஜியை ஒரே மடக்கில் விழுங்கினான். எழுந்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, ஒரு தாம்பாளம் வேணும். கொஞ்சம் அரிசி மாவு. அந்த பலூன் ஒண்ணு."

பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன்கள் ஜன்னலில் மிச்சம் இருந்தன. ஏதோ இவர்கள் பக்கத்துச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து, அந்த அம்மா பயபக்தியோடு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் கொண்டுபோன பூவையும் பழத்தையும் கீழே இறக்கிவிட்டு, எரிமலை தாம்பாளத்தின் நடுவில் பலூனை வைத்தான். அதன்மேல் மாவைக் கொட்டி மலையாகக் குவித்தான். குவித்துக்கொண்டே பேசினான் பாருங்கள், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

"பலூன்தான் உள்ள கீற நெருப்புக் கொழம்பு. மாவு மலை. கொழம்பு வெளிய வந்துச்சுன்னா மலைக்கு அடியில ஒண்ணுமே இல்ல. அப்போ மலை இன்னா ஆவும்? பாருங்க!"

அவனும் எங்கள் கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு எடுத்துப் பரிசு வாங்கியவன்தானே. எல்லோரையும் பின்னால் தள்ளி நிறுத்தினான். தரையில் மாவாலேயே ஒரு கோடு கிழித்து, "இத்தத் தாண்டி யாரும் வரக் கூடாது" என்றான். சட்டைப் பையிலிருந்து கம்பெனி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். பெண் பார்க்கப் போகிற இடத்துக்கு எவனாவது சேஃப்டி கண்ணாடி கொண்டுபோவானா? இவன் கொண்டுவந்திருக்கிறான்.

அவ்வளவும் பார்த்தவன், தலைக்கு மேலே ஃபுல் ஸ்பீடில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை மட்டும் பார்க்கவில்லை. எங்கள் ஷாப்பில் எல்லாமே தரையில் நிற்கிற ஃபேன். மேலே பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லை.

அக்காவின் சேலையிலிருந்த ஊக்கை உருவி மாவுக்குள் ஒரு குத்து விட்டான்.

டமார்!

கொஞ்ச நேரம் யாரையும் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது எல்லோரும் வெள்ளையாக இருந்தோம். பெண்ணின் அப்பா மீசை, கிண்ணத்திலிருந்த சட்னி, மாதா படத்துக்குப் போட்ட மாலை, துரைப்பாண்டியின் கறுத்த முகம், எல்லாம் மாவு. ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

எரிமலை மட்டும் தாம்பாளத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "பாத்தீங்களா! உள்ள வுழுந்துச்சு பாருங்க! வட்டமா பள்ளம்! இப்போ மழை!" என்று குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துப் பள்ளத்தில் ஊற்றினான். "ஏரி!"

"பாவி, கெடுத்தியேடா!" என்று அக்கா அழ ஆரம்பித்தார். அப்போதுதான் அவன் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றி மட்டும் மாவில்லாமல், பாவம், பார்க்கவே முடியவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க" என்றான். நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்டெல்லா பட்டுச்சேலையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்தாள். தாம்பாளத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் உள்ள வுழுந்துச்சுன்னு சொல்றீங்க. நடுவுல இன்னா இது, மேடா நிக்குது?"

எரிமலை தாம்பாளத்துக்கு எதிரே தானும் உட்கார்ந்தான். இத்தனை காலத்தில் எத்தனையோ பேர் அவனைத் திட்டியிருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள், ஓடியிருக்கிறார்கள். ஆர்வமாக ஒரு கேள்வி கேட்டவர்கள் கிடையாது.

"நெஜ ஏரியிலயும் அப்டித்தாங்க கீது" என்றான் மெதுவாக. "நடுவுல பெரிய தீவு. அடியில மறுபடியும் கொழம்பு சேந்து, ஏரியோட தரையவே மேல தூக்கிடுச்சு."

"அப்போ வுழுந்ததேதான் எந்திரிச்சு தீவா நிக்குதா?"

"ஆமாங்க."

"ஆளுங்க இருக்காங்களா அதுல?"

"ஊரே கீதுங்க. வயல், மாடு, கோயில்... சர்ச்சுகூட கீது."

ஸ்டெல்லா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மீசையைத் துடைத்துவிட்டு, "கேக்குறதெல்லாம் கேட்டுக்கோம்மா. ஆயுசு பூரா இத்தத்தான் கேக்கணும்" என்றார். அக்கா அழுகையை நிறுத்தாமலே சிரித்தார்.

கல்யாணம் முடிந்து எரிமலை தண்டலத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனான். தொல்லை விட்டது என்று நானும் துரைப்பாண்டியும் ரூமில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினோம். கொஞ்ச நாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரைப்பாண்டி விட்டத்தைப் பார்த்தபடி, "ஏல, அந்தத் தட்டு இன்னும் உள்ள போய்க்கிட்டா இருக்கு, இல்ல நின்னுட்டா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அந்தப் பக்கம் எரிமலை ஆரம்பித்தான். இரண்டு பேருக்கும் தெரிந்த கதைதான், ஒரு வார்த்தைகூடப் புதிதில்லை. சாயங்காலம் வரைக்கும் நாங்கள் கட் பண்ணவில்லை.