போல்ட்டுக்கு நடை பழக்கிய கதை

"இன்னையிலேர்ந்து சாயங்காலம் போல்ட்டை நான்தான் நடத்திக் கூட்டிட்டுப் போவேன்!" என்று பாஸ்கரன் அறிவித்ததும், மனைவி பேச்சியம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பின்னே? "சுகர் ஏறுது சார், கொஞ்சம் நடங்க" என்று டாக்டர் பத்து வருஷமாகக் கெஞ்சியும் அசையாத மனுஷன் அவர். தெருமுனைப் பால்பூத்துக்கே ஸ்கூட்டரைக் கிளப்புகிறவர். கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த நாள் முதலாய்க் கம்பெனி பஸ்ஸில் ஏறவும் இறங்கவும் நடந்ததுதான் அவருடைய மொத்த நடை.

போல்ட் அவர்கள் வீட்டு நாய். பாஸ்கரன் நட்டும் போல்ட்டும் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அந்த இரும்பு போல்ட்டைத் தூக்கி எறிந்துவிடுவார். அந்தப் பெருமையில் நாய்க்கு வைத்த பேர் அது. பூனையைத் துரத்தி மாடியிலிருந்து குதித்ததில் பின்னங்கால் முறிந்து, ஆபரேஷன் முடிந்து, கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் கால் மட்டும் தரையில் ஊன்றவே மாட்டேன் என்றது.

"எலும்பு சேர்ந்திருச்சு. சதைதான் வத்திப் போச்சு. பிசியோதெரபி பண்ணணும்," என்றார் கால்நடை டாக்டர் வினிதா.

"நாய்க்கா?" பாஸ்கரன் வாய்விட்டுச் சிரித்தார்.

"குதிரைக்கே பண்றாங்க சார். பெங்களூர்ல ரேஸ் குதிரைக்கு அடிபட்டா, மறுபடி வலியில்லாம ஓட வைக்கிறது இந்தப் பயிற்சிதான்."

பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டு அட்டையில் எழுதிக்கொண்டாள். காலையில் வெந்நீர் ஒத்தடம். தொடையிலிருந்து பாதம் வரை இதமாகத் தேய்த்துவிட வேண்டும். பிறகு சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். போல்ட் கண்ணை மூடிக்கொண்டு புது மாப்பிள்ளை போலப் படுத்திருக்கும். அப்புறம் வரிசையாக வைத்த செங்கல்களை ஒவ்வொன்றாகத் தாண்டணும். கடைசியாக ஒரு பிஸ்கட் நாலடி தள்ளி. நொண்டிக்கொண்டே கிட்டே வந்தால், பிஸ்கட் இன்னும் நாலடி தள்ளிப் போயிருக்கும்.

"நீ தள்ளித் தள்ளி வைக்கே, இதுவும் பின்னாலயே வருது பாரு! மடப்பய நாய்!" என்றார் பாஸ்கரன்.

"வலிய மறந்து நடக்கான்லா? அதுதாங்க வேணும்."

பதினைந்தாம் நாள் போல்ட் காலை ஊன்றியது! பேச்சியம்மாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இனி சாயங்காலம் வெளியே நடத்தலாம், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும் என்றார் டாக்டர். அப்போதுதான் நம்ம பாஸ்கரன் முந்திக்கொண்டு வந்தது.

காரணம் இருக்கிறது. வீட்டில் மூன்று வேளையும் கோதுமை ரவையும் பாகற்காயும். பிள்ளையார் கோயில் முனையிலோ செல்லியின் தள்ளுவண்டி. செல்லி போடும் போண்டா! மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. பயிற்சி என்ற பேரில் போல்ட்டை இழுத்துக்கொண்டு போய் ரெண்டு போண்டாவை உள்ளே தள்ளினார் பாஸ்கரன். ஆகா, சொர்க்கம்!

நாலாம் நாள் வண்டி முனையில் இல்லை. கொஞ்சம் தள்ளி, தண்ணித் தொட்டிக்கிட்ட நின்றது.

"என்னம்மா இங்க வந்துட்டே?"

"ரோட்ட நோண்டுறாங்கண்ணா."

அடுத்த வாரம் ரேஷன் கடை. "அங்க நெழலு இல்லீங்ண்ணா." அதற்கடுத்து ரயில்வே கேட். "இங்க யாவாரம் நல்லா ஆவுதுண்ணா." அதோடு, எப்போது மூன்றாவது போண்டா கேட்டாலும், "மாவு தீந்துடுச்சுண்ணா!"

பாஸ்கரன் ஊரைத் திட்டினார், ரோடு போடுகிறவர்களைத் திட்டினார், வெயிலைத் திட்டினார். ஆனால் நடந்தார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. தையற்காரனையும் திட்டினார்.

ஒருநாள் ரயில்வே கேட்டிலும் வண்டியைக் காணோம்! பாஸ்கரன் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். போல்ட் மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. அடுத்த நொடி நாலு காலும் தரையில் பாவ, பிய்த்துக்கொண்டு ஓடியது! "ஓடுதான்! என் போல்ட் ஓடுதான்!" என்று கத்திக்கொண்டே, ஒரு கையில் சங்கிலியும் மறு கையில் பேன்ட்டுமாகப் பாஸ்கரனும் ஓடினார். டீக்கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மலைக்கோயில் அடிவாரம் வந்துதான் ரெண்டு பேரும் நின்றார்கள்.

அங்கே செல்லியின் வண்டி நின்றது. பக்கத்து ஸ்டூலில், கையில் அட்டையோடு பேச்சியம்மாள்.

"பே... பேச்சி! பாத்தியா? நம்ம போல்ட் ஓடுதான்!"

"அவன் நல்லாயிட்டான்னு டாக்டரம்மா சொல்லி ரெண்டு வாரம் ஆச்சுங்க."

"அப்ப இந்த அட்டையில தினம் தினம் என்னத்த எழுதுதே?"

"அது உங்களுது." பேச்சியம்மாள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள்; அவர் தினமும் நடந்த தூரம் அதில் வரிசையாக இருந்தது. "முதல் நாளே உங்க மீசையில எண்ணெய் மணத்துச்சு."

செல்லி கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "அக்காதான்ணா வாராவாரம் வண்டிய இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னாங்கோ. ரெண்டுக்கு மேல குடுக்காதன்னும் சொன்னாங்கோ."

"நூறுல ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஆளு," என்றாள் பேச்சியம்மாள், "ஒரு முழு வண்டி ஒரு கிலோமீட்டர் நகந்தது எதுக்குன்னு கண்டுபிடிக்கலையே!"

பாஸ்கரனுக்கு மானம் போயிற்று. இனி இந்த வண்டிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அங்கேயே சபதம் செய்தார். விறைப்பாகத் திரும்பியும் நின்றார். பின்னால் சட்டியில் புதுசாக ஒரு ஈடு விழுந்து சடசடவென்று பொரிந்தது. அரை நிமிஷம் பல்லைக் கடித்துப் பார்த்தார்.

"ஏம்மா செல்லி," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கு வண்டி எங்க நிக்கும்?"

செல்லி பேச்சியம்மாளைப் பார்த்தாள். பேச்சியம்மாள் மலைப் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"வண்டி இங்கனயேதான் நிக்கும். போண்டாவை மட்டும் தூக்குவாளியில போட்டு உச்சிப்படியில வச்சிருவோம்."