நிற்காத சர்வரும் முடிந்துபோன லைசென்ஸும்

ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில், பொதுமக்களின் நலன் கருதி, கணினிகள் காலையிலிருந்தே அசையாமல் நின்றன. எல்லாக் கணினிகளையும் இயக்கும் சர்வர் ஒரே நேரத்தில் நூறு பேரைத்தான் உள்ளே விடும். எனக்கு முன்னால் நின்ற லாரி டிரைவர் அந்த நூறில் சேரவில்லை. அவருடைய லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம்; அதைப் புதுப்பிக்கும் கெடு அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. மறுநாள் புது வேலையில் சேர வேண்டும்.

சர்வரைக் கவனிக்கும் பொறியாளர் சர்வர் படித்து நடக்கும் உத்தரவுக் கோப்பில் நூறை முந்நூறாக்கி ரீலோடு செய்தார். ரீலோடு என்றால், சர்வர் வேலையை நிறுத்தாமலே கோப்பை ஒருமுறை படித்துக்கொள்ளும். சில உத்தரவுகளுக்கு அது போதும்.

"இதுக்குப் போதாது சார். ரெண்டு நிமிஷம் நிறுத்தி, ரீஸ்டார்ட் பண்ணணும்."

அலுவலகத்தின் இயக்குநர் பதறிவிட்டார். "நிறுத்துறதா? ஒரு நொடியும் நிக்காத சேவைன்னு விருதுக்கு எழுதிப் போட்டிருக்கேன்யா! சர்வர் உத்தரவைப் படிச்சுதா?"

"படிச்சுது சார். செய்யல."

"நம்ம ஆபீஸ்ல அதுக்கு மேல யாருய்யா செய்யறா? போர்டு எழுதி மாட்டு."

'இனி ஒரே நேரத்தில் முந்நூறு பேருக்குச் சேவை' என்று போர்டு ஏறியது. நாங்கள் கைதட்டினோம். டிரைவர்தான் பலமாகத் தட்டினார். கணினி அசையவில்லை. மேன்மை தாங்கிய இயக்குநர் மறுபடி ரீலோடு செய்யச் சொன்னார். இம்முறை பட்டனை நன்றாக அழுத்தச் சொன்னார்.

நாலரைக்கு டிரைவர் அறைக்குள்ளேயே போய்விட்டார். "விருது உங்களுக்கு சார். வேலை போறது எனக்கு. ரெண்டே நிமிஷம் நிறுத்துங்க சார்!" குரல் உடைந்துவிட்டது. இயக்குநரும் மனிதர்தானே, தலையாட்டினார்.

சர்வர் நின்றது. எழுந்திருக்கவில்லை.

"சார், போன வருஷம் மெமரியைப் பத்து மடங்குன்னு எழுதச் சொன்னீங்களே..."

"ஆமா, கௌரவமா இருக்கட்டும்னு."

"மெஷின்ல அவ்வளவு மெமரி இல்ல சார். இத்தனை நாள் ரீலோடுல சர்வர் அதைக் கண்டுக்கல. இப்பதான் உங்க உத்தரவு நடைமுறைக்கு வந்திருக்கு."

ஓர் உத்தரவு நிறைவேறினால் என்ன ஆகும் என்பதை அந்த அலுவலகம் அன்றுதான் கண்டது.

கோப்பைத் திருத்தி எழுப்புவதற்குள் ஐந்தரை. சர்வர் முந்நூறு பேரையும் தாராளமாக உள்ளே விட்டது. டிரைவரின் பெயரை அடித்ததும் பளிச்சென்று பதில் வந்தது.

"கெடு முடிஞ்சுடுச்சுண்ணே," என்றார் கவுண்டரில் இருந்த பெண். "புதுப்பிக்க முடியாது. ஓட்டக் கத்துக்கறவங்க மாதிரி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"இருபது வருஷமா லாரி ஓட்டறேன்மா!"

டிரைவர் வெளியே போனார். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிக்கொண்டே, நாங்கள் எல்லோரும் ஓரடி முன்னால் நகர்ந்தோம்.