மாமனார் வீட்டு கம்ப்யூட்டரை நான் சுரண்டிய மத்தியானம்

கல்யாணமான புதிதில் ஒரு ஆம்பிளைக்கு மூளை வேலை செய்யாது. அனுபவத்தில் சொல்கிறேன். மாமனார் வீட்டில் நாம் தும்மினால் நாலு பேர் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வருகிறார்கள். அப்புறம் அது எதற்கு வேலை செய்ய வேண்டும்?

எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் செக்‌ஷனில் சூப்பர்வைசர் வேலை. (இன்றைக்கும் அதேதான். மேலே போகாததற்கான காரணம் போகப் போகப் புரியும்.) கல்யாணமாகி இரண்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை, ஜோலார்பேட்டையில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். மாமனார் ரயில்வேயில் ஃபிட்டர். என் மனைவி ரம்யாவுக்கு ஒரே தங்கை, காயத்ரி. ஷூ டிசைன் படித்துவிட்டு ஆறு மாதமாக வேலை தேடி அலைந்தவள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியோடு அவளுக்கு முதல் இன்டர்வியூ. வீட்டிலிருந்தபடியே பேச வேண்டும். தான் வடிவமைத்த ஷூவைத் திரையில் முன்னும் பின்னும் சுற்றிக் காட்ட வேண்டும். அந்த ஷூ இருந்தது அந்த வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான்.

இரண்டு ரவுண்டு பிரியாணி முடித்துவிட்டு, கை துடைத்துக்கொண்டே அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். திரையில் ஷூ திக்கித் திக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா, இப்படி நொண்டுது?”

“இது லினக்ஸ் மாமா. படம் காட்டற கிராபிக்ஸ் கார்டு, லினக்ஸோட வந்த டிரைவர் சாஃப்ட்வேர்லதான் ஓடுது. கார்டு கம்பெனியோட சொந்த டிரைவர் போட்டா ஸ்மூத்தா ஓடும். இன்டர்வியூ முடிஞ்சப்புறம் பொறுமையா போட்டுக்கலாம்னு விட்டு வெச்சிருக்கேன்.”

“அதுக்கு ஏன் பொறுமை? இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குதே. எழுந்திரு, நான் போட்டுத் தர்றேன்.”

காயத்ரி அம்மாவைப் பார்த்தாள். மாமியார் கண்ணைக் காட்டினார். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். நானும், ஏதோ பட்டாபிஷேகம் மாதிரி, உட்கார்ந்தேன்.

லினக்ஸை அதுவரை நான் தொட்டதில்லை. செல்போனில் தேடினேன், ஒரு பக்கம் தெளிவாகவே சொன்னது. முதலில் புது டிரைவரைப் போடு, பிறகு கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய், பழையது தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பழையது எப்படி ஐயா தானாக ஒதுங்கும்? எங்கள் செக்‌ஷனில் சோல் ஒட்டுவதற்கு முன் ஷூவின் அடித்தோலை மெஷினில் வைத்து நன்றாகச் சுரண்டுவோம். வழவழப்பு போனால்தான் பசை பிடிக்கும். சுரண்டாமல் ஒட்டினால் போட்டு நடக்கிறவன் காலில் மேல்பாகம் மட்டும் வரும், சோல் ரோட்டிலேயே நின்றுவிடும். சரியாகச் சுரண்டவில்லை என்று தினமும் பத்துப் பேரையாவது திட்டுகிற ஆள் நான். என்னிடமா?

“எழுதனவன் வேலை தெரியாதவன்” என்று மாமனாரிடம் சொன்னேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார். பழைய டிரைவர் இனி ஓடவே கூடாது என்று தடை போடும் வரியை வேறொரு பக்கத்தில் தேடிப் பிடித்தேன். அதை எழுதி, கம்ப்யூட்டரை அணைத்து, ஆன் செய்தேன். புதியதை இன்னும் போடவில்லை. முதலில் சுரண்டல், அப்புறம்தானே பசை!

திரை கறுத்தது. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது.

அணைத்தேன். ஆன் செய்தேன். அதே கறுப்பு. பசை போடலாம் என்றால் ஷூவையே காணோம்! மாமனார் தோள் துண்டால் திரையைத் துடைத்துப் பார்த்தார். பாயசத்தோடு வந்த மாமியார், “பரவால்ல மாப்ள, கறுப்பா இருந்தா இன்னா? கண்ணுக்குக் குளுமையாத்தான் இருக்குது” என்றார். அடக் கடவுளே, அப்போதும் ஒருவராவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

“மாமா, நான் கொஞ்சம் பாக்கட்டுமா?” என்றாள் காயத்ரி.

“இரும்மா, செட்டாவுது.”

கால் மணி கழித்து மறுபடி கேட்டாள். “இரும்மான்றேன்ல” என்றேன். ரம்யா என் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். அதையும் நான் பாசமென்று எடுத்துக்கொண்டேன். மணி மூன்று இருபத்தைந்து.

“யோவ்! எழுந்திருய்யா!”

சத்தியமாக, முதலில் பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ திட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பினால் காயத்ரி. கண்ணெல்லாம் தண்ணீர். மாமியார் கையிலிருந்த பாயச டம்ளர் சரிந்து என் வேட்டியில் கொட்டியது. மாமனார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. புது மாப்பிள்ளையை யோவ் என்பதா! நான் ஸ்பிரிங் வைத்தது போல எழுந்து நின்றேன்.

அவள் உட்கார்ந்து ஏதோ மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. நான் எழுதிய தடை வரியைத் தேடினாள். கண்ணைத் துடைத்த அதே விரல்களால், அதை அழிக்கும் கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறை சரியாக அடித்தாள். அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் ஆறு மாத அலைச்சலை என் ஜம்பத்துக்காகக் கறுப்பாக்கிவிட்டேனே! வெட்கத்தில் காது சுட்டது.

மூன்று ஐம்பதுக்கு ஷூ திரும்பி வந்தது. அதே நொண்டல்தான், ஆனால் உயிரோடு இருந்தது.

இன்டர்வியூ முடியும்வரை என்னைச் சமையலறையில் வைத்திருந்தார்கள். ‘ஏன் திரை இப்படித் திக்குகிறது?’ என்று அவர்கள் கேட்டது காதில் விழுந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். காயத்ரி நிதானமாகச் சொன்னாள். “பழைய டிரைவர்ல ஓடுது சார். அதையும் எங்க அக்கா வீட்டுக்காரர் ரெண்டு மணிக்கு சாகடிச்சுட்டாரு. இப்பதான் உயிர் குடுத்து எழுப்பனேன்.” அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எப்படி எழுப்பினாய் என்றுதான் பாதி நேரம் கேட்டார்கள். பத்து நாளில் வேலைக் கடிதம் வந்தது.

அன்றோடு அந்த வீட்டில் என் மரியாதையும் போயிற்று. காயத்ரிக்கு நான் யோவ் மாமா. மாமனார் கூசாமல் கேஸ் சிலிண்டரை என் தோளில் ஏற்றுகிறார். ஊர்ப்பட்ட சொந்தமெல்லாம் கதையை மனப்பாடமாகச் சொல்கிறது. சொல்லப்போனால், இந்த மாப்பிள்ளை உத்தியோகம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

போன மாதம் காயத்ரிக்குக் கல்யாணமாகி, அவள் வீட்டுக்காரர் முதல் விருந்துக்கு வந்தார். பெரிய படிப்பு படித்த, அடக்கமான பையன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அறைக்குள் எட்டிப் பார்த்து, “கம்ப்யூட்டர் கொஞ்சம் ஸ்லோவா இருக்குதே, நான் வேணா பாக்கட்டுமா?” என்று நாற்காலியை இழுத்தார்.

“உக்காராத!” என்று மொத்த வீடும் அலறியது. பாவம், அந்தப் பையன் வெலவெலத்து இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

அலறியதில் பெரிய குரல் என்னுடையது.