குளிப்பதற்கு நாற்பத்தைந்து நிமிடம்

ஏப்ரல் மாதம் இரண்டாம் திங்கட்கிழமை, கட்டடப் பதிவேடுகள் இயக்ககத்தின் நானூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. பூவுலகின் நலன் கருதியும் இயக்ககத்தின் நற்பெயர் கருதியும் ஊழியர்கள் இயன்றவரை சைக்கிளில் பணிக்கு வரலாம் என்று மேலிடம் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்திருந்தது. நானூற்றுப் பதினோரு பேர் ‘பூவுலகின்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். வேலி மற்றும் மதில் பிரிவில் வேலை பார்த்த நோரீன் டாகர்ட்டி மட்டும் ஏழாவது பத்தி வரை படித்தாள். சைக்கிளில் வருவோருக்குக் கீழ்த்தளத்தில் குளியலறை உண்டு என்றது ஏழாவது பத்தி.

நோரீனுக்கு வயது ஐம்பத்தொன்று. வீடு கிளார்க்சனில், ஆபீஸ் டொராண்டோ நடுவில். இடையே இருபத்தெட்டு கிலோமீட்டர். பத்தொன்பது வருஷமாக அந்தத் தூரத்தை நெடுஞ்சாலையில், முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே கடந்திருக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஏரிக்கரை ஓரமாகவே ஊர் நடுவரை ஒரு சைக்கிள் பாதை போகிறது என்பதும், அந்த ஏரியைத் தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பதும் அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

சாப்பாட்டு மேஜையில் புருஷனிடம் சொன்னாள்.

"நாளைலேருந்து நான் சைக்கிள்ல போறேன்."

"எங்க, பால் வாங்கவா?" என்றான் கிளிஃப்.

"ஆபீசுக்கு."

கிளிஃப் உருளைக்கிழங்கைக் குத்திய முள்கரண்டியை அப்படியே வைத்தான். "போன வாரம் மாடிப்படி ஏறி வந்து கட்டில்ல உக்காந்து மூச்சு வாங்கினது யாரு? நீதானே, இல்ல வேற யாராவதா?"

"அது துணிக்கூடையோட ஏறினேன்."

"சரி தாயே, போய்ட்டு வா. எந்த ஊர் ஆஸ்பத்திரிலேருந்து போன் வரும்னு மட்டும் சொல்லிட்டுப் போ. நான் சட்டையை மாட்டிக்கிட்டுத் தயாரா இருக்கேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. சாப்பிட்டு எழுந்ததும் கொட்டகைக்குப் போய், தன் பழைய இரும்பு சைக்கிளை இறக்கி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, பின்னால் ஒரு பிளாஸ்டிக் பால்பெட்டியையும் கட்டி வைத்தான்.

மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்பியவள் எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தாள். எதிர்க்காற்று. வழியில் வாத்துக்கூட்டம் ஒன்று பாதையை மறித்து, கழுத்தை நீட்டிச் சீறி, அவளைச் சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வைத்தது. ஹம்பர் பாலத்தின் மேல் நின்று மூச்சு வாங்கினாள். ஏரியின் மேல் சூரியன் ஒரு பனையுயரத்துக்கு ஏறியிருந்தது. ‘இது தினமும் இங்கேதான் நடந்துக்கிட்டு இருந்துதா!’ என்று நினைத்தாள். அந்த நினைப்பிலேயே மிச்ச தூரமும் ஓடிவிட்டது. ஆபீஸ் வாசலில் இறங்கும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு கிண்ணம் தேறும்.

கீழ்த்தளத்தில் ‘சைக்கிள் ஓட்டுநர் குளியலறை’ என்று வெண்கலப் பலகை மாட்டிய கதவு இருந்தது. பூட்டியிருந்தது. பக்கத்து அறையில் கட்டட வசதி அதிகாரி ஹெர்ப் ஆல்சப், பதினேழு சாவிகள் தொங்கும் இடுப்போடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"குளியலறைச் சாவி வேணும் ஹெர்ப்."

"எதுக்கு?"

"குளிக்க."

ஆல்சப் காபியைக் கீழே வைத்தார். இருபது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு வேண்டுகோள் அவருக்கு வந்ததில்லை.

"நோரீன், அது குளியலறைதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா குளிக்கறதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"பசுமைக் கட்டடம்னு நமக்குக் குடுத்த தங்க இலைச் சான்றிதழ் இருக்கே, அதுக்கு. சைக்கிள்காரங்களுக்குக் குளியலறை இருந்தா ஒரு புள்ளி. தண்ணி மிச்சம் பிடிச்சா ரெண்டு புள்ளி. குளியலறை இருக்கு, ஒரு புள்ளி வந்துச்சு. யாரும் குளிக்கல, ரெண்டு புள்ளி வந்துச்சு. இப்ப நீங்க குழாயைத் திறந்தா ரெண்டு போயிடும். தங்கம் வெள்ளியாயிடும். அப்புறம் வாசல்ல மாட்டின கேடயத்தை யார் கழட்டறது? நான்தான் கழட்டணும்."

நோரீன் நியாயமான மனுஷி. கேடயத்தை நினைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டாம் மாடிப் பெண்கள் கழிவறைக்குப் போய், கை கழுவும் தொட்டியில் முகம், கழுத்து, அக்குள் எல்லாம் கழுவிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒரு குறிப்பாணை வந்தது. பொருள்: கை கழுவும் தொட்டியில் கை நீங்கலான உறுப்புகளைக் கழுவுதல். இது விரும்பத்தக்கதல்ல என்று அதில் கண்டிருந்தது. கை என்பது எதுவரை என்று நோரீன் பணிவுடன் எழுதிக் கேட்டாள். மூன்று வாரம் கழித்து, சட்டப் பிரிவைக் கலந்தாலோசித்ததில் மணிக்கட்டு வரை எனக் கொள்ளலாம் என்று பதில் வந்தது.

அதற்குள் அவள் லாவெண்டர் வாசனை போட்ட ஈரக் காகிதத்தால் உடம்பைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். அதுவும் பிசகு. இயக்ககம் ‘வாசனையற்ற அலுவலகம்’ என்று அறிவிக்கப்பட்ட இடம். சென்ட், பவுடர் எதுவும் கூடாது. அடுத்த நாற்காலிக்காரருக்கு இரண்டு தும்மல் வந்ததில் விஷயம் மேலே போனது. லாவெண்டர் சேர்க்கப்பட்ட வாசனை, ஆகவே தடை செய்யப்பட்டது என்றும், வியர்வை உடம்பிலிருந்து தானே வருவதால் அதற்குத் தடை இல்லை என்றும் தீர்ப்பு வந்தது. ஆக, நோரீன் நாறலாம், மணக்கக் கூடாது.

அவளுடைய நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தினார்கள். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். மத்தியானம் அவளோடு சாப்பிட வருகிற இரண்டு பேருக்கும் திடீரென்று வெளியே வேலை இருந்தது. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் உடம்பு வேறு மாதிரி இருந்தது. ஜூன் வந்தபோது இருபத்தெட்டு கிலோமீட்டரை ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷத்தில் கடந்தாள். வாத்துகள் அவளைப் பார்த்தால் தாமே ஒதுங்கின.

ஒருநாள் அவள் துணை இயக்குநர் ஸ்டூவர்ட் பெல்லாமியைப் போய்ப் பார்த்தாள். அவர் சைக்கிள் ஊக்குவிப்புக் குழுவின் தலைவர். அவர் அறைச் சுவரில், ஆணி அடித்து, ஒரு கறுப்பு நிறச் சைக்கிள் தொங்கியது. அதன் சக்கரம் இதுவரை தரையைத் தொட்டதில்லை.

"உங்களுது எத்தனை கிலோ நோரீன்?"

"என் எடையா?"

"சைக்கிளோட எடை."

"தெரியலையே. பால்பெட்டியோட சேர்த்தா?"

ஸ்டூவர்ட் அனுதாபத்தோடு கண்ணை மூடித் திறந்தார். "என்னோடது ஆறே கால். ஒரு விரல்ல தூக்கலாம்."

"ஓட்டலாமா?"

"ஓட்டலாம்தான். ஆனா ரோட்டுல மண்ணு இருக்கே."

நோரீன் தன் கஷ்டத்தைச் சொன்னாள். குழு மூன்று முறை கூடியது. உறுப்பினர் ஒன்பது பேரும் ஒன்பது காரில் வந்து கூடினார்கள். குளியலறையைத் திறக்க முடியாது, தங்கம் போய்விடும். அவள் கோரிக்கையை நிராகரிக்கவும் முடியாது, சுற்றறிக்கை போயிருக்கிறது. கடைசியில் ஓர் அரிய வழி கண்டார்கள். சைக்கிளில் வரும் ஊழியர் ஒவ்வொருவரும் குளிப்பதற்காக நாற்பத்தைந்து நிமிடம் தாமதமாக வரலாம். எங்கே குளிப்பது என்று உத்தரவில் இல்லை. குளிக்க இடம் கிடையாது, குளிக்க நேரம் உண்டு.

சலுகை பெற, ‘நான் சைக்கிளில் வருகிறேன்’ என்ற படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஹெல்மெட் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சுற்றறிக்கையை நானூற்றுப் பன்னிரண்டு பேரும் முழுதாகப் படித்தார்கள்.

முதல் வாரம் நாற்பது பேர் கையெழுத்திட்டார்கள். அடுத்த வாரம் நூற்றறுபது. ஆகஸ்டில் இயக்ககம் மொத்தமும், இயக்குநர் உட்பட, சைக்கிளுக்கு மாறியிருந்தது. காலை ஒன்பதேகாலுக்கு லிஃப்டில் போனால் எல்லோர் தலையிலும் ஹெல்மெட். கார் நிறுத்துமிடத்தில் எப்போதும் போல நெரிசல். காரைப் பூட்டிவிட்டு, பின்சீட்டிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, வாரைச் சரிபார்த்துக்கொண்டு வருவார்கள். காபி இயந்திரத்தருகே டயர் காற்றழுத்தம் பற்றித்தான் பேச்சு. நல்ல குடும்பத்துப் பெண்கள்கூட முழங்காலுக்கு மேல் ஒட்டிப் பிடிக்கும் கால்சட்டையில் கூட்டங்களுக்கு வந்தார்கள்.

கணக்குப் பிரிவு ரோல்ஃப் ஒருநாள் நோரீனின் மேஜையில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டார். "ஹம்பர் பாலத்துல இன்னைக்கு எதிர்க்காத்து பாத்தீங்களா? அப்பப்பா, ஆளையே தள்ளுது."

"இன்னைக்குக் காத்து மேற்கேருந்து இல்ல வந்துச்சு? நமக்கு முதுகுப் பக்கம்."

"ஒவ்வொருத்தர் முதுகும் ஒவ்வொரு மாதிரி நோரீன்" என்றார் ரோல்ஃப், கொஞ்சமும் அசராமல்.

இத்தனை சைக்கிள்காரர்கள் சேர்ந்ததும் இடப் பிரச்சினை வந்தது. சைக்கிள்காரர்களுக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று குழுவுக்குப் புகார் குவிந்தது. குழு உடனே நடவடிக்கை எடுத்தது. வாசலில் இருந்த சைக்கிள் நிறுத்தும் கம்பிகளை அறுத்து எடுத்துவிட்டு, அங்கே நான்கு கார்களுக்கு இடம் செய்து, ‘சைக்கிள் ஓட்டுநர்களுக்கு மட்டும்’ என்று வெள்ளை எழுத்தில் எழுதியது. நோரீன் வந்து பார்த்தபோது பெயின்ட் இன்னும் காயவில்லை.

மறுபடியும் ஆல்சப்பிடம் போனாள்.

"என் சைக்கிளை எங்க ஹெர்ப் விடறது?"

"கீழ்த்தளத்துல கார் நிறுத்தற இடம் ஒண்ணு காலியா இருக்கு. அதுல விட்டுக்குங்க. ஆனா கார் அனுமதிச் சீட்டு வேணும்."

"என்கிட்ட இருக்கிறது சைக்கிள்."

"சைக்கிளுக்குச் சீட்டு கிடையாதே. கார்னு எழுதிக் குடுங்க. கலர் என்ன?"

"பச்சை. கொஞ்சம் துரு."

"பச்சைக் கார்" என்று ஆல்சப் எழுதிக்கொண்டார். "இன்னொண்ணு. கார் சீட்டு வாங்கினவங்க பேரை சைக்கிள் பட்டியல்லேருந்து எடுத்துருவேன். ஒரே ஆள் ரெண்டுலயும் இருந்தா தணிக்கைல மாட்டும். நாற்பத்தஞ்சு நிமிஷமும் கிடையாது. நாளைலேருந்து எட்டரைக்கு வந்துருங்க."

நோரீன் கையெழுத்துப் போட்டாள். வேறு வழி இல்லை. வெளியே விட்டால் திருட்டுப் போகும். அன்று சாயங்காலம் எதிர்க்காற்றில் வீடு வந்து கிளிஃபிடம் சொன்னபோது, அவன் ஐந்து நிமிஷம் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"விட்டுடேன் நோரீன். யாருக்காக இந்தப் பாடு?"

"ஏரிக்காக" என்றாள் அவள்.

அக்டோபரில் விருது வந்தது. மாகாணத்திலேயே அதிக சைக்கிள் ஊழியர்கள் உள்ள அலுவலகம்: நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பதினோரு பேர். வாசல் படிகளில் எல்லோரும் ஹெல்மெட்டோடு நின்று படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. நோரீன் மழையில் நனைந்து, தொடையெல்லாம் சேறு தெறித்து, அப்போதுதான் வந்து சேர்ந்தாள். பழக்கதோஷத்தில் படியேறப் போனாள்.

ஸ்டூவர்ட் அவளைத் தனியே அழைத்துப் போனார். குரலில் கண்டிப்பு இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க நோரீன். ஊரே மாறிடுச்சு. நம்ம டைரக்டரே மாறிட்டார். நீங்க ஒருத்தர்தான் இன்னும் கார்ல..."

"நான் இப்ப சைக்கிள்ல இருந்துதான் இறங்கினேன் ஸ்டூவர்ட்."

"பதிவேடு அப்படிச் சொல்லலையே" என்று மென்மையாகச் சொல்லி, கேமராவை அவள் கையில் கொடுத்தார். "படத்துல நிக்க முடியாட்டியும் பரவால்ல, எடுத்துக் குடுங்களேன்."

அவள் எடுத்தாள். நன்றாகவே எடுத்தாள். மாதாந்திர இதழின் அட்டையில் அது வந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்தது: படம், என். டாகர்ட்டி, கார் பயணி.

டிசம்பர் முதல் வாரம், தரையில் விழுந்ததும் பனிக்கட்டியாகும் உறைமழை பெய்தது. ஏரிப் பாதை முழுவதும் கண்ணாடி. விடிகாலையில் நோரீன் சைக்கிளைக் கொட்டகையிலிருந்து உருட்டி வெளியே கொண்டுவந்தாள். கதவைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வழுக்கினாள். கிளிஃப் வாசலில் நின்று கார் சாவியை நீட்டினான். அவள் சற்று நேரம் ஏரி இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு சாவியை வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் கார் பச்சைதான். கொஞ்சம் துருவும் உண்டு. எட்டரைக்கு அது கீழ்த்தளத்தில் தன் இடத்தில் நின்றது. அன்றைய தேதியில், கட்டடப் பதிவேடுகள் இயக்ககத்தின் பயணப் பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் இருந்தன. அதில் ஒரு வரி உண்மையாகிவிட்டது.