வட்டியில்லா நாற்காலி

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி, சலூன்காரன், பணிவுடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இன்று கொஞ்சம் அதிகமாகவே நினைத்தேன், காரணம் இதுதான்: அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் எனக்கு நாற்பத்தெட்டாயிரம் வேண்டும். இதைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் எந்தக் கடிதத்தையும் கடைசி வரை படிப்பதில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். போனில் கேட்டால் நீங்கள் சிரிப்பது காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அந்த கிரெடிட் கார்டு விஷயம்தான். போன வருடம் வங்கியின் கார்டு அதிகாரி சவரத்துக்கு வந்தவர், முகம் முழுக்க நுரையோடு, "அண்ணே, புது கார்டுக்குப் பன்னெண்டு மாசம் ஒரு காசு வட்டி கிடையாது" என்றார். நீங்கள் அன்றைக்கே போனில், "பொடி எழுத்து இருக்கிற காகிதத்துல கையெழுத்துப் போடாதடா" என்றீர்கள். போட்டேன். கத்தி கழுத்தில் இருக்கும்போது தலையை ஆட்டாமல் உட்காருகிற ஒரே வாடிக்கையாளர் அவர். அப்படிப்பட்ட மனுஷர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பினேன். அவர் பொய் சொல்லவும் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். கார்டு வந்தது, மேசை டிராயரில் போட்டேன். நான் கேட்ட சிவப்பு நிறத்தில் நாற்காலி வரவில்லை என்று கடைக்காரர் ஐந்து மாதம் இழுத்தடித்தார். ஆறாவது மாதம்தான் கார்டைத் தேய்த்து, அறுபதாயிரத்துக்கு, காலால் மிதித்தால் மேலே ஏறும் நாற்காலியை வாங்கினேன். வங்கி கேட்ட குறைந்தபட்சத் தொகை இரண்டாயிரத்தை மாதாமாதம் ஒரு நாள் தவறாமல் கட்டினேன், அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

இனிமேல்தான் நீங்கள் நியாயம் சொல்ல வேண்டும். ஒருவர் காலை எட்டு மணிக்கே சலூனுக்கு வந்து பெஞ்சில் பேப்பர் படிக்கிறார், பத்து மணிக்கு நாற்காலியில் ஏறுகிறார். முடிவெட்டு எப்போது ஆரம்பித்தது? பத்து மணிக்கு! இருபத்திரண்டு வருடமாக என் கணக்கு இதுதான். ஆகவே நாற்காலி வந்து இறங்கிய நாளன்று கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் பன்னிரண்டு கோடு போட்டேன், மாதத்துக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். ஆறு அடித்தாயிற்று, ஆறு பாக்கி, மாதம் எட்டாயிரம் போட்டால் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். போன செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கன்னம் முடித்து வலது கன்னத்துக்குப் போகும்போது, "அடுத்த மாசம் அஞ்சாம் தேதியோட சலுகை முடியுது, மீதியைக் கட்டிடுவீங்கல்ல?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் கால் சும்மா இருக்காது என்பது அக்காவுக்குத் தெரியும். "எந்தத் தேதியிலேருந்து கணக்கு?" என்று ஒரு மிதி மிதித்தேன். "கார்டு வழங்கின தேதியிலேருந்து." இன்னொரு மிதி. "டிராயர்ல தூங்கின அஞ்சு மாசமுமா?" மிதி. "தூங்கினாலும் கணக்குதாண்ணே." அதற்கு மூன்று மிதி. மனுஷர் தலை மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே நின்றபோதுதான் சுயநினைவு வந்தது. விசிறியை அணைத்துவிட்டு இறக்கப் பார்த்தால், நாற்காலி இறங்க மறுத்துவிட்டது.

ஆனால் அவரைப் பாராட்ட வேண்டும் அத்தான். பாதி நுரையோடு, கூரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் பொறுமையாகப் பாடம் நடத்தினார். அஞ்சாம் தேதிக்குள் முழுதும் கட்டினால் வட்டி இல்லை, மிச்சம் வைத்தால் அந்த மிச்சத்துக்கு நூற்றுக்கு மாதம் மூன்றரை. பெஞ்சில் இருந்த எலக்ட்ரீஷியன், "அந்தக் கார்டுலயே பணமா எடுத்து அந்தக் கார்டுக்கே கட்டிட்டா?" என்று கேட்டார். "ஐயோ, பணமா எடுத்தா அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும்!" என்று மேலிருந்து அலறினார். வேன் டிரைவர், "வேற கார்டு வாங்கி, பாக்கியை அதுக்கு மாத்திட்டா?" என்றார். "மாத்துறதுக்குத் தனிக் கட்டணம், அதுக்கும் ஒரு கெடு உண்டு. தயவுசெஞ்சு யாராவது ஏணி கொண்டு வாங்க" என்றார். எலக்ட்ரீஷியனின் ஏணியில் இறங்கி, பாதிச் சவரத்துக்குப் பாதிக் கூலியை எண்ணி வைத்துவிட்டு, ஒரு கன்னம் மழமழவென்று, மறு கன்னம் நுரையோடு வங்கிக்குப் போனார். நாற்காலி இன்னும் மேலேயேதான் இருக்கிறது. வருகிறவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, குனிந்து குனிந்து வெட்டி என் இடுப்பு போயிற்று.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் சொன்னதைக் கேட்காமல் உங்களிடமே கை நீட்டுகிறேன். ஆனால் வட்டி ஏற ஆரம்பித்தால் கடை வாடகையில்தான் கை வைக்க வேண்டும். கடை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு வணக்கம். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த தலைமுடியோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இனி பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாத உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: பணம் அனுப்ப வேண்டாம்! நான் இதை எழுதி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரி, தையல் வேலையில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், முழுப் பாக்கியையும் கட்டி ரசீதோடு வந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இது என்கிட்ட நீங்க வாங்கின கடன். பன்னெண்டு மாசம் வட்டி கிடையாது" என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று, எந்தத் தேதியிலேருந்து என்று கேட்டேன். "கல்யாணத் தேதியிலேருந்து" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது அத்தான். ஐந்தாம் தேதி வரை காத்திருக்காமல் பணத்தை உடனே அனுப்பவும்.