சிவராமகிருஷ்ணன் டில்லிக்குப் போகாமல் தடுத்த வரலாறு

பவானிபூர், கல்கத்தா,
பரிதாபி வருஷம், ஆனி மாதம்.

சிரஞ்சீவி தம்பி சுந்தரேசனுக்கு அக்காள் அனந்தலக்ஷ்மி மனப்பூர்வமாக ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் மழையைத் தவிர வேறு குறையின்றி யாவரும் இருக்கிறோம். அவ்விடம் நீயும் மீனாக்ஷியும் குழந்தைகளும் மழைகூட இல்லாமல் சௌக்கியமாயிருப்பீர்களென நம்புகிறேன்.

நாகபுரியில் நீங்கள் ஆரம்பித்திருக்கும் தமிழர் சபையின் வேலை முழுவதையும் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதாகவும், அவர் இப்போது விலகப் போவதாகவும், அவரை நிறுத்திக்கொள்ள உபாயம் என்னவென்றும் கேட்டிருந்தாய். பி.ஏ. தேறிய நீ, உன் பழைய பாடபுத்தகங்களைக் கொண்டே எழுத்துக் கற்ற என்னிடம் யோசனை கேட்டதை இங்கே நாலு வீட்டில் வாசித்துக் காட்டினேன். தவறாக எண்ணாதே.

எங்களுக்கும் அதே ஆபத்து நேர்ந்தது. இங்கே சிவராமகிருஷ்ணன் என்று ஒருவர், சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. தெற்கிலிருந்து எந்தக் குடும்பம் வந்து இறங்கினாலும் ஹௌரா ஸ்டேஷனில் போய் நிற்பவர் அவரே. மீன் வாசனை அண்டாத வாடகை வீடு தேடுபவர் அவரே. ஆவணியவிட்டத்துக்கு வாத்தியாரையும், பிரசவத்துக்கு மருத்துவச்சியையும், ஒருவர் காலமானால் தூக்குவதற்கு நாலு பேரையும் சேர்ப்பவர் அவரே. ஞாயிறுதோறும் நம் பெண்குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. அப்பேர்ப்பட்டவருக்கு, ராஜதானியோடு ஆபீஸும் டில்லிக்குப் போவதால் மாற்றல் வந்துவிட்டதென்று அவருடைய சம்சாரம் ஜலஜா ஒருநாள் குழாயடியில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இஷ்டமிருந்தா இங்கேயே வேற ஆபீஸ்ல இருக்கலாமாம், மாமி. ஆனா எதுக்காக இருக்கணும்? கலியாணமான நாளா அவர் சுடச்சுட சாதம் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இலையில உக்காந்தா வாசல்ல யாராவது 'அண்ணா'ன்னு நிக்கறா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே ஸ்திரீகள் கூடி, அவருடைய சேவையைப் பாராட்டி ஓர் உபசாரக் கூட்டம் நடத்துவதென்றும், அதில் அனைவரும் போகவேண்டாமென்று மன்றாடுவதென்றும், அதுவரை அவருக்கு விஷயம் தெரியலாகாதென்றும் தீர்மானம் செய்தோம். வாசகம் என்னுடையது. ஆனால் கூட்டத்துக்கு இடம் பிடிப்பது எப்படியென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிவராமகிருஷ்ணனுக்குத்தான் தெரியும். ஆகவே அவரையே பிடித்தோம். ஜமக்காளம், காப்பிக்கு ஆள், சந்தனம் எல்லாம் அவரே சேகரித்தார். மாலை வாங்கப் புறப்பட்டவர் கொட்டுகிற மழையில் திரும்பி வந்து, "உபசாரம் பெறப்போறவர் என்ன உயரம், மாமி?" என்று கேட்டார். "உங்க உயரம்னே வெச்சுக்கோங்கோ" என்றேன்.

கூட்டத்தன்று காப்பி அடுப்பருகே நின்றவர், நான் மேடை ஏறியதும் பதறி ஓடிவந்து, "பெரிய மனுஷர் இன்னும் வரலையே, நான் வேணா வண்டி வெச்சு அழைச்சுண்டு வரட்டுமா?" என்றார். மாலையைப் போட்டோம். "டில்லியா? நானா?" என்று திருதிருவென்று விழித்தார். என்ன அடக்கம் என்று சபையே உருகிற்று. நான் பதினோரு பக்க வாழ்த்துப் பத்திரம் வாசித்தேன். பிறகு எங்கள் தெரு வெங்கடசுப்ரமணியன் எழுந்து இவர் நமக்குக் கிடைத்த நிதி என்று புகழ்ந்து, "வெள்ளிக்கிழமை மெயில்ல என் மச்சினன் வரான், கொஞ்சம் ஸ்டேஷனுக்கு..." என்று முடித்தார். எதிர்வீட்டுக் காமு அழுதுகொண்டே புகழ்ந்து, "எங்காத்து மாடி ஒழுகறது, அண்ணா, வீட்டுக்காரன்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். சிவராமகிருஷ்ணன் மாலைக்குள் கையை விட்டுப் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்!

அப்பொழுது ஜலஜா எழுந்தாள், தம்பி. ஆண்கள் அத்தனை பேர் நடுவில். "இப்படித்தான் நிறுத்தி வெக்கப் போறேளா? மாலையை நீங்களே எடுத்துக்கோங்கோ. ஸ்டேஷனுக்கு ஒருத்தர் போங்கோ, வீடு பார்க்க ஒருத்தர் போங்கோ. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்காத்துக் கதவை ஒருத்தரும் தட்டாதேங்கோ."

வெங்கடசுப்ரமணியன் மெதுவாக, "ஸ்டேஷனை நான் பார்த்துக்கறேன். என் மச்சினன்தானே, எனக்குன்னா அடையாளம் தெரியும்" என்றார். மூன்று தெருவுக்கு அப்பால் வறுக்கிற மீனைச் சொல்லிவிடும் மூக்கு காமுவுக்கு உண்டாகையால் வீடு பார்ப்பது அவளுக்கு என்று ஆயிற்று. தமிழ் வகுப்பு என்னிடம் வந்தது. பள்ளிக்கூட வாசலை மிதியாத நான் முதல் நாள் பலகையில் 'அ'வை மூன்று தரம் அழித்து அழித்து எழுதினேன். இப்போது ஒன்பது பெண்கள். அதில் இருவர் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் வங்காளியின் பெண்கள். அவர்கள்தான் ஒழுங்காய் வருகிறார்கள்.

சென்ற ஞாயிறு சிவராமகிருஷ்ணன் சுடுசாதம் சாப்பிட்டு நாலு மணி வரை தூங்கினார். குறட்டை எங்கள் வீடு வரை கேட்டது. டில்லிப் பேச்சே இல்லை. ஆகையால் உங்கள் மனிதருக்கு மாலை வாங்காதே. அவர் வேலையில் பாதியைப் பிடுங்கிக்கொள். மீனாக்ஷியைக் கேட்டதாகச் சொல். குழந்தைகள் தீர்க்காயுசாய், புத்தகமும் கையுமாய், முக்கியமாகப் பெண்குழந்தைகள், வளரவேண்டுமென ஆசீர்வதிக்கும்,

அனந்தலக்ஷ்மி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஜலஜா வந்தாள். இதை வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "டில்லி மாற்றல்னு ஒண்ணு வரவே இல்லை, மாமி. நான்தான் கதை கட்டிவிட்டேன். அவருக்கே அன்னிக்கு மேடையிலதான் தெரியும்" என்கிறாள். ஆகவே மேலே உபாயம் என்று நான் எழுதியவற்றை அடித்துவிடு. உங்கள் மனிதருக்குச் சம்சாரம் உண்டா? உண்டென்றால் அந்த அம்மாளின் விலாசத்தை உடனே அனுப்பு; ஜலஜா கடிதம் எழுதவேண்டுமாம்.