சீசரின் பின்னங்கால்களும் என் தலைதீபாவளியும்

தலைதீபாவளிக்குப் போன மாப்பிள்ளை, தட்டில் விழுந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. மிச்சமும் வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்குப் பயந்து நான் ஒரு நாயை முடமாக்கப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு நாகர்கோவிலில் சயன்ஸ் வாத்தியார் வேலை. (சயன்ஸ் படித்த லட்சணத்தைக் கேளுங்கள்!) மாமனார் ஓய்வுபெற்ற முன்சீப், திருவனந்தபுரம் கோட்டைக்குள் வீடு. அவருடைய செல்ல நாய் சீசருக்குச் சர்க்கரை வியாதி. பின்னந்தொடைகள் சூம்பி, நடந்தால் பின்பாகம் தள்ளாடும். மாமனாரே தினம் ஊசி போட்டு, வழுக்காமல் இருக்கத் தரையில் சாக்கு விரித்து, காலைப் பிடித்துவிட்டு, ஒருவழியாக அதை வாசல்வரை நடக்க வைத்திருந்தார்.

மாமியாரோ என்னை முன்கூடத்து நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, "இன்னும் ரெண்டே ரெண்டு, மாப்ளே!" என்று மணிக்கொரு தரம் லட்டு கொண்டுவந்தார். நாற்காலிக்கடியில் சீசர். உப்புச்சப்பில்லாத கஞ்சியே கதியாகக் கிடந்த அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு லட்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். நாலு நாளும் அப்படியே நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சீசரால் எழுந்திருக்க முடியவில்லை. முற்றத்தில் அது மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. மிருக டாக்டர் வந்து பார்த்தார்.

"ஆரா இதுக்கு மதுரம் கொடுத்தது?"

பதிலுக்குச் சீசர் முன்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து என் கையை நக்கியது.

மாமனார் தீர்ப்புச் சொன்னார்: "சீசர் தன்னாலே வாசப்படி ஏறட்டும். அப்பறம் ஜானகியை அழைச்சிண்டு போங்கோ."

புதுப்பெண்டாட்டி இல்லாமல் தனியாக ஊர் திரும்பினேன். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்தேன். சீசரின் அடிவயிற்றில் துண்டைக் கொடுத்து, பின்பாகத்தைத் தூக்கிப் பிடித்தபடி தெருவில் நடப்பேன்.

"ஓய் மாப்ளே, நீர் அதை நடத்தறீரா, அது உம்மை நடத்தறதா?" என்பார் எதிர்வீட்டுக்காரர். மானம் கப்பலேறியது.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலை சீசர் தானாகப் படியேறியது. எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. (மாமனாருக்கும்தான், மனுஷர் ஒப்புக்கொள்ள மாட்டார்.) அன்றைக்கே ஜானகியோடு பஸ் ஏறினேன்.

பாலராமபுரம் தாண்டியதும் அவள் மெல்லக் கேட்டாள்: "நீங்க எத்தனை லட்டு கொடுத்தேள்?"

"எட்டு இருக்கும். ஏன்?"

"நானும் ஒரு பத்து கொடுத்திருப்பேன். அம்மா எனக்கும்தான் விடாமக் கொடுத்தா, என்ன பண்றது? அப்பாகிட்டே சொல்லிடாதேங்கோ."

சொல்லவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி இந்தக் கதையைப் பேரன் பேத்திகளுக்கு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொல்கிறவள் ஜானகிதான். அதில் லட்டு கொடுத்தவன் நான் ஒருவன்தான்.